தூணுக்குப் பின்னால் ஓர் இருக்கை

இந்தப் பொதுக்குழுவுக்குத் தலைமையேற்று, எதிரே இருக்கும் மணியின் மேல் ஒரு விரலையும் என் மேல் ஒரு கண்ணையும் வைத்திருக்கிற மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே. எனக்கு முன்னால் பேசி, பேசியே என் கண்ணைக் கலங்க வைத்த நம் முன்னாள் கோல்கீப்பர் அண்ணன் அவர்களே. ஆடாமல் அசையாமல் செலவுக் கணக்கை வாசித்து நம் எல்லோரையும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்க வைத்த பொருளாளர் அவர்களே. மேசை மேல் வெள்ளை வெளேரென்று ஒரு மைதானத்தின் மாதிரியைச் செய்துவைத்துவிட்டு, யார் கையாவது பட்டு உடைந்துவிடுமோ என்று பதறிக்கொண்டிருக்கிற கட்டட நிபுணர் தம்பி அவர்களே. வெயிலிலும் மழையிலும் தொண்டை கிழியக் கத்தியே இந்தக் கால்பந்துக் கழகத்தை வளர்த்த பெரியோர்களே. கத்தியவர்களுக்கு மறுநாள் வெந்நீர் வைத்துக் கொடுத்துத் தொண்டையை மீட்டெடுத்த தாய்மார்களே. அவர்களைவிட அதிகமாகக் கத்திய தாய்மார்களே. நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கிற, நின்றே பழகிப்போன என் கிழக்குக் கேலரித் தோழர்களே. உங்கள் அனைவருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கத்தைச் சமர்ப்பிக்கிறேன்.

நான் மேடைக்கென்று பிறந்தவன் அல்லன். கடைத்தெருவில் பூட்டு பழுதுபார்த்து, தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி அராவிக் கொடுத்துப் பிழைக்கிறவன். என்னைச் 'சாவி' என்றுதான் நீங்கள் எல்லோரும் கூப்பிடுகிறீர்கள். என் வீட்டிலேயே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இவனுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். கல்லூரியில் கற்றதில்லை. கட்சி மேடையில் பெற்றதில்லை. நம் கிழக்குக் கேலரியில், கழகத்தின் நிறம் பூசிய ஓர் இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பேச்சு இது. அந்தத் தூணை வைப்பதா, வெட்டுவதா என்று முடிவு செய்யத்தான் இன்று நாம் கூடியிருக்கிறோம்.

கேள்வி ஒன்றுதான். நம் பழைய மைதானத்தை விரிவாக்கலாமா, கூடாதா? கிழக்குக் கேலரியை இடித்துவிட்டு, அதே இடத்தில், இப்போது கொள்ளும் கூட்டத்தைப் போல இரண்டு மடங்கு கொள்ளுகிற ஈரடுக்குக் கேலரியைக் கட்டலாமா, கூடாதா? 'கட்டு' என்கிறது ஒரு கூட்டம். 'தொடாதே' என்கிறது ஒரு கூட்டம். இரண்டு கூட்டமும் என் வீட்டிலேயே இருக்கின்றன. என் மகள் கட்டு கட்சி. என் மனைவி தொடாதே கட்சி. நடுவில் நான். எந்தப் பக்கம் என்று சொன்னால்தான் தட்டு வரும் என்கிற நிலைமை. அதனால் வெளியே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

கோல்கீப்பர் அண்ணன் பேசும்போது என்ன சொன்னார்? "அது வெறும் கேலரி இல்லப்பா. எங்க அப்பா தோள்ல உக்காந்து நான் முதல் ஆட்டம் பாத்த இடம்" என்றார். பெனால்டிக்கு நடுங்காத மனிதர், எதிரணியின் பூட்ஸ் முகத்தில் பட்டபோதும் பந்தை விடாத மனிதர், ஒரு பழைய கூரைக்காகக் கலங்கி நின்றார். அதைக் கேலி செய்கிறவன் மனிதனே இல்லை. போன வாரம் வரைக்கும், தோழர்களே, நானும் அண்ணனுக்குப் பின்னால்தான் நின்றேன். இன்றைக்கு ஏன் நகர்ந்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மெத்தை போட்ட மேற்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள் சிலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பொறாமைதான் உண்டு. உங்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கூரையைத் தாங்குவது இரும்புத் தூண்கள். கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்குகிற பருமன்தான். ஆனால் அதற்குப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பந்து வடக்கே போனால் தெரியும், தெற்கே போனால் தெரியாது. நம் ஆள் ஓடி வருவான், தெரியும். காலை ஓங்குவான், தெரியும். அதற்கு மேல் தூண்தான் தெரியும். ஊரே எழுந்து குதிக்கும். நீங்கள் மட்டும் இரும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதி வைக்காத வழக்கம். எழுதி வைத்த சட்டங்களைவிடக் கறாராகக் கடைப்பிடிக்கிற வழக்கம். தூணுக்குப் பின்னால் இருப்பவருக்கு, தூணோரம் இருப்பவர் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிறவருக்குச் 'சொல்லி' என்று பெயர். சொல்லத் தவறினால் இடைவேளையில் அந்த வரிசைக்கே டீ வாங்கித் தர வேண்டும். பெரிய மனிதர், சிறிய மனிதர் என்ற பேச்சே கிடையாது. ஒருமுறை ஒரு நீதிபதி, வேறு இடம் கிடைக்காமல் எங்கள் பக்கம் வந்து, விவரம் தெரியாமல் தூணோரம் உட்கார்ந்துவிட்டார். முதல் பாதி முழுக்க வாயே திறக்கவில்லை. இடைவேளையில் டீத் தட்டோடு அவர் படியேறி வந்த காட்சியைக் கண்டவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இரண்டாம் பாதியில் தீர்ப்பு வாசிப்பது மாதிரி வாசித்தார்: "பந்து இப்போது எதிர்த்தரப்பின் வசம் உள்ளது." சிரிக்காதீர்கள், பழகப் பழக நன்றாகவே சொன்னார்.

சொல்வது என்றால் சும்மாவா? 'பந்து போகுது, பந்து வருது' என்று சொல்லிப் பாருங்கள், பின்வரிசையிலிருந்து செருப்பு வரும். யார் எடுத்தான், எந்தக் காலால் எடுத்தான், எவன் குறுக்கே வந்தான், வந்தவன் முகம் எப்படி இருந்தது, எல்லாம் சொல்ல வேண்டும். "நம்ம நெட்டையன் வாங்கிட்டான், ஒருத்தனைக் கழட்டி விட்டான், இன்னொருத்தன் சட்டையைப் பிடிச்சு இழுக்கிறான், ரெஃப்ரி வானத்தைப் பாக்கிறான், சுருட்டைக்குக் கொடுத்துட்டான், சுருட்டை அடிக்கிறான்" என்று மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். எனக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற பழக்கம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வலைக்கு முன்னால் நின்று நம் ஆள் தட்டிவிட்ட கோல், என் வாயில் வரும்போது பாதி மைதானத்தைத் தாண்டி வந்து இடியாய் இறங்கும். கேட்கிறவர் சந்தோஷப்பட்டால் எனக்கும் சந்தோஷம்.

யார் அந்தக் கேட்கிறவர்? இதோ, உங்கள் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறார். விசிலக்கா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால், "பஸ்ல தினம் ஊரையே மேய்க்கிறேன், வீட்டுல வேற ஒரு ஆளை மேய்க்கணுமா" என்பார். தங்கை வீட்டில் இருக்கிறார். வேலை பார்த்த காலத்தில் கண்டக்டர் விசிலோடு நேராக மைதானத்துக்கு வந்துவிடுவார். ஒருமுறை உணர்ச்சிவசப்பட்டு ஊதியும் விட்டார். எதிரணிக்காரன் ரெஃப்ரி ஊதினார் என்று நினைத்து நின்றான். நம் ஆள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடியே போய்விட்டான். அன்றிலிருந்து வாசலில் அக்காவின் கைப்பையைத் துழாவிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

வருடக்கணக்காக அவர் தூணுக்குப் பின்னால், நான் தூணுக்குப் பக்கத்தில். "டேய் சாவி, என்னடா ஆச்சு?" என்பார். நான் சொல்வேன். இதுதான் எங்கள் உறவு. வேறு சொந்தம் கிடையாது, பந்தம் கிடையாது, ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய் வந்ததுகூடக் கிடையாது. ஆனால் என் குரல் கொஞ்சம் கம்மினால் அவர்தான் முதலில் கேட்பார், "வீட்டுல சண்டையாடா?" என்று.

இந்தக் கழகம் நன்றி மறக்காத கழகம். போன ஆட்டப் பருவத்தில் நம் நிர்வாகக் குழு கூடி, நெடுங்கால ரசிகையான விசிலக்காவைக் கௌரவிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. எப்படிக் கௌரவிப்பது? நல்ல மனதோடு யோசித்தார்கள். "காலமெல்லாம் தூணுக்குப் பின்னாடியே உக்காந்துட்டாங்க. ஒரு நாளாவது நல்லாப் பாக்கட்டும்" என்றார்கள். பக்கத்து ஊர் அணியோடு நடந்த ஆட்டத்தன்று, மேற்குப் பக்கத்தில், நட்ட நடுவில், முன்வரிசையில், மெத்தை நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். கையில் ஒரு பூங்கொத்து. இருபுறமும் பிரமுகர்கள். நம் மைதானத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. கிழக்குக் கேலரியே எழுந்து நின்று கைதட்டியது. நானும் கை சிவக்கத் தட்டினேன்.

ஆட்டம் தொடங்கியது. எனக்குப் பக்கத்தில் அக்காவின் இடம் காலி. அது அக்காவின் இடம் என்பதால் யாரும் உட்காரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? காலி இடத்துக்கு ஆட்டம் சொல்லிக்கொண்டிருந்தேன். பழக்க தோஷம். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, யாருகிட்ட பேசுறீங்க?" என்று கேட்ட பிறகுதான் வாயை மூடினேன்.

அப்போது நம் சுருட்டை அடித்தான். பந்து வலைக்குள். மைதானமே எழுந்தது. மறுநொடி லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார். ஆஃப்சைடு, கோல் கிடையாது. எழுந்த கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தது. எதிரே, மேற்குப் பக்கத்தில், ஒரே ஓர் உருவம் மட்டும் பூங்கொத்தைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஊரே அமைதியான பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் பக்கத்திலும் சிரித்தார்கள். யாரோ கையைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தார்கள். அக்காவுக்கு மெத்தை கிடைத்ததும் தலைகால் புரியவில்லை என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஆட்டம் முடிந்தது. அவர்கள் ஊர்க்காரர்களும் கத்துகிறார்கள், நம் ஊர்க்காரர்களும் கத்துகிறார்கள். நம் ஒலிபெருக்கியின் லட்சணம் உங்களுக்கே தெரியும். அது சொன்னால் சொன்னவருக்கே புரியாது. அக்காவைச் சீண்டிப் பார்க்கலாம் என்று சுற்றிக்கொண்டு மேற்கு வாசலுக்குப் போனேன். படிக்குக் கீழே, சுவரில் ஒரு கையை வைத்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பூங்கொத்து கசங்கியிருந்தது.

"என்னக்கா, மெத்தை கிடைச்சதும் எங்களையெல்லாம் மறந்தாச்சா?" என்றேன்.

"டேய் சாவி, நீயா? வந்துட்டியா?" என்று என் குரல் வந்த பக்கம் கையை நீட்டினார். "யாருடா ஜெயிச்சா?"

"என்னக்கா, கிண்டலா?"

"இல்லடா, நெசமாத்தான் கேக்குறேன். ஒருத்தரும் எதுவும் சொல்லல. பக்கத்துல கேக்கவும் வெக்கமா இருந்துச்சு. யாருடா ஜெயிச்சா?"

அவையோரே, முன்வரிசையில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் 'பார்த்த' ஒருவர், யார் ஜெயித்தது என்று என்னைக் கேட்கிறார். எத்தனையோ பூட்டைத் திறந்தவன் நான். என் பக்கத்திலேயே, அத்தனை வருடம், பூட்டியிருந்த ஒரு கதவு எனக்குத் தெரியவில்லை. விசிலக்காவுக்குக் கண் தெரியாது. வேலையிலிருந்து நின்ற வருடமே மங்கத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அணைந்து, இப்போது வெளிச்சம், இருட்டு என்ற வித்தியாசம் மட்டும்தான் மிச்சம்.

யாரது, பின்னால் 'ஐயோ பாவம்' என்றது? அம்மா, தயவுசெய்து அதை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். இதை உங்கள் முன் சொல்ல அக்காவே எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார், ஒரே ஒரு நிபந்தனையோடு. 'பாவம்' என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து போய்விடுவேன் என்றார். போனால் அவரை யாரும் பிடித்து நிறுத்த முடியாது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவர் அவர்.

"ஏன்க்கா இத்தனை நாளா சொல்லல?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "சொன்னா நீ ஆட்டம் சொல்ல மாட்டடா. ஆறுதல் சொல்லுவே."

எண்ணிப் பாருங்கள். அவர் எப்படி உள்ளே வந்தார்? படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து வருவார், எல்லோரும்தான் பிடிக்கிறோம். தூணைத் தொட்டுவிட்டு உட்காருவார்; ராசிக்காக எல்லோரும்தான் தொடுகிறோம். உட்கார்ந்ததும் "என்னடா ஆச்சு?" என்பார், அந்த இடத்தில் உட்காரும் எல்லோரும்தான் கேட்கிறோம். தூணுக்குப் பின்னால் கண் உள்ளவருக்கும் தெரியாது, இல்லாதவருக்கும் தெரியாது. இருவருக்கும் ஒரே சொல்லி, ஒரே கதை, ஒரே டீ. அங்கே அவர் ஒரு ரசிகை. வெறும் ரசிகை. எனக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்க வேண்டும். ஆஃப்சைடு விஷயத்தில் நான் சொன்னதை இந்தக் கழகத்தில் யாராவது ஒப்புக்கொண்டதுண்டா? அக்கா மட்டும் எப்போதும் ஒப்புக்கொள்வார். அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அப்படிப்பட்டவரை நாம் என்ன செய்தோம்? நல்ல மனதோடு, பூங்கொத்தோடு, கைதட்டலோடு, அவருக்கு ஆட்டம் தெரிந்த ஒரே இடத்திலிருந்து எடுத்துப் போய், ஊருக்கெல்லாம் ஆட்டம் தெரிகிற இடத்தில் உட்கார வைத்தோம். அங்கே, கொடி தூக்கி கோல் இல்லை என்று ஆனதைக்கூட, அவருக்கு ஒருவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் மேல் தப்பு? யார் மேலும் இல்லை. 'நல்லாப் பாக்கட்டும்' என்று நினைத்த மனம் தங்கமான மனம். நிர்வாகக் குழுவினர் தலை குனிய வேண்டாம். அன்று உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

இந்த நேரத்தில்தான் வந்தது விரிவாக்கத் திட்டம். தூணே இல்லாத கேலரி. எங்கே உட்கார்ந்தாலும் முழு மைதானமும் தெரியும் கேலரி. படித்துப் பார்த்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூண் போனால் மறைப்பு போகும். மறைப்பு போனால் சொல்லி எதற்கு? சொல்லி போனால் அக்கா எங்கே போவார்? எல்லோருக்கும் எல்லாம் தெரிகிற இடத்தில், அவர் ஒருவர் மட்டும் கேட்க வேண்டும். கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். விடக்கூடாது என்று முடிவு செய்தேன். இந்தத் திட்டத்தைக் கிழித்துத் தொங்கவிடுவதற்கு ஒரு பேச்சையே தயாரித்தேன். தலைவர் அவர்களே, அது இதைவிட நீளம், தப்பித்தீர்கள்.

போன வாரம் அக்கா என் கடைக்கு வந்தார். கூடவே அவர் தங்கை மகள். நான் பெருமையாகச் சொன்னேன்: "அக்கா, நீ கவலையே படாதே. உன் கதையைச் சொல்லி அந்தத் திட்டத்தையே கவுத்துடறேன்."

"என்னைச் சொல்லியா?"

"ஆமாக்கா. அந்தத் தூணு போயிட்டா நீ எங்கே போவே?"

அக்கா கையை நீட்டினார். நான் அராவிக்கொண்டிருந்த சாவியை வாங்கி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார்.

"ஆட்டத்தன்னிக்கு நான் மைதானத்து வாசலுக்கு எப்படி வரேன் தெரியுமா? வெளிச்சுவரை ஒட்டியே வரேன். சுவர் நெடுக ஆளுங்க நிக்கிறாங்கடா. டிக்கெட் கிடைக்காதவங்க. உள்ளே சத்தம் கேட்டா ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குறாங்க, 'என்னவாம், என்னவாம்'னு. ஒருத்தருக்கும் தெரியாது. தூணுக்குப் பின்னாடி இருக்கிற எனக்குச் சொல்ல நீ இருக்கே. சுவருக்குப் பின்னாடி நிக்கிறவங்களுக்கு யாருடா சொல்றது?"

மறுபடி அராவத் தொடங்கியவன் அரத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"இதோ நிக்கிறாளே இவ," என்று தங்கை மகளின் கையைப் பிடித்தார். "வாசலுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் இவதான் என்னைக் கொண்டாந்து விடுறா. இவளுக்கு டிக்கெட் கிடைக்காது. ஆட்டம் முடியிற வரைக்கும் சுவரோரமா நின்னுட்டு, என்னைக் கூட்டிட்டுப் போறா. கண்ணு தெரியாத நான் உள்ளே இருக்கேன். கண்ணு தெரிஞ்ச பொண்ணு வெளியே நிக்கிறா. அதுக்கு என்னையே சாக்கு சொல்லப் போறியா நீ?"

"இல்லக்கா, உனக்காகத்தான்..."

"நான் கண்டக்டர்டா. வேலை பாத்த காலத்துல, இடம் இல்லேன்னு ஒருத்தரையும் ரோட்டுல விட்டுட்டுப் போனதில்ல. 'உள்ளே தள்ளி நில்லுங்க, உள்ளே தள்ளி நில்லுங்க'ன்னு கத்தியே என் தொண்டை போச்சு. எனக்காக நீ வண்டியை நிறுத்தி வைக்காதே."

"அப்போ உனக்கு என்னதான்க்கா வேணும்?"

"உக்கார ஒரு இடம். பக்கத்துல பொய் சொல்ல ஒரு ஆளு."

"பொய்யா?"

"பின்னே? உதைச்ச சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு என் காதுக்குத் தெரியாதா? வலைக்கு முன்னாடி தட்டின பந்தை நீ பாதி மைதானத்துலேருந்து கொண்டாறே. தெரிஞ்சேதான் கேட்டுக்கிட்டிருக்கேன். ஆனா நீ சொல்ற ஆட்டம்தான்டா நல்லா இருக்கு."

தலைவர் அவர்களே, மணியை அடித்துவிட்டீர்கள், கேட்டது. முடிக்கப் போகிறேன். என்ன தோழரே? "முடிக்க வேணாம், சொல்லுங்க" என்கிறீர்களா? மணி அவர் கையில் இருக்கிறது, நீங்கள் அவரிடம்தான் பேச வேண்டும். சிரித்துவிட்டார், அனுமதி கிடைத்தது.

அன்றே நிபுணர் தம்பியிடம் போனேன். யார் பெயரும் சொல்லாமல் கேட்டேன்: "புதுக் கேலரிக்குக் கண் தெரியாதவங்க வந்தா எங்கே உக்காருவாங்க?" தம்பி முகம் மலர்ந்தது. வரைபடத்தை விரித்துக் காட்டினார். மேல் தளத்தில் கண்ணாடி போட்ட தனி அறை. குளிர்ச்சியான அறை. காதில் மாட்டிக்கொள்ளக் கருவி; கருவியில் வர்ணனை. தம்பி, உங்களைக் கும்பிடுகிறேன். கேட்பதற்கு முன்பே நினைத்து வைத்திருக்கிறீர்கள். தனியாக இருக்க விரும்புகிறவர்களுக்கு அது இருக்கட்டும். ஆனால் தம்பி, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்: அந்தக் கண்ணாடி அறைக்குள் டீக்காகச் சண்டை வருமா? கார்னர் கிடைக்காதபோது பின்னால் இருப்பவரின் வசவு கேட்குமா? மழைச் சாரல் முகத்தில் அடிக்குமா? நாம் மறுபடியும் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து, மறுபடியும் ஒரு மெத்தை நாற்காலியில் உட்கார வைக்கப் பார்க்கிறோம்.

இதோ, தம்பி செய்த அழகான மாதிரி. உள்ளே குட்டிக் குட்டி மனிதர்களை ஒட்டி வைத்திருக்கிறார். கிட்டே வந்து பாருங்கள். எல்லா மனிதர்களும் மைதானத்தையே பார்க்கிறார்கள். ஒருவராவது பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பியிருக்கிறாரா? நம் கேலரி அப்படியா தம்பி? பாதி நேரம் நாம் ஆட்டத்தைப் பார்க்கிறோம். மீதி நேரம் பக்கத்து ஆளிடம் பேசுகிறோம். ஒன்றிரண்டு பொம்மையையாவது கொஞ்சம் திருப்பி ஒட்டுங்கள்.

ஆகவே, அவையோரே, நான் சொல்கிறேன்: இடியுங்கள். தூணோரம் உட்கார்ந்து வாய் வளர்த்த நானே சொல்கிறேன், இடியுங்கள். இடித்துவிட்டுக் கட்டுங்கள். சுவரோரம் நிற்கிறவர் உள்ளே வரும்படி கட்டுங்கள். சத்தத்தை மட்டும் கேட்டுச் சந்தோஷப்பட்டவர் ஆட்டத்தையும் காணும்படி கட்டுங்கள். தங்கை மகள் வெளியே காத்துக் கிடக்காமல் அக்காவோடு கைகோத்து அமரும்படி கட்டுங்கள். கோல்கீப்பர் அண்ணே, உங்கள் அப்பா உங்களைத் தோளில் வைத்து உள்ளே கொண்டுவந்தார். இன்றைக்கும் ஓர் அப்பா, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வெளிச்சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். அவர் தோள் சுவருக்கு எட்டவில்லை அண்ணே. அவருக்காக நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார மாட்டீர்களா?

அண்ணன் தலையாட்டுகிறார். கண்ணையும் துடைத்துக்கொள்கிறார். எனக்கு இது போதும்.

தீர்மானத்தோடு சேர்க்கச் சொல்லி நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாசலிலிருந்து இருக்கை வரைக்கும் கை விடாமல் பிடித்து வர ஒரு கம்பி. தனியறையில் இல்லாமல், கூட்டத்தின் நடுவிலேயே, கத்துகிறவர்களுக்கும் வைகிறவர்களுக்கும் இடையிலேயே, அக்கா போன்றவர்கள் உட்கார இடம். பிறகு, கழக விதிகளில் ஒரே ஒரு வரி: நம் மைதானத்தில் பக்கத்தில் இருப்பவர் 'என்ன ஆச்சு' என்று கேட்டால், அவர் யார், எவர், கண் தெரியுமா தெரியாதா என்று பார்க்காமல், ஆட்டத்தைச் சொல்ல வேண்டும், தவறினால் வரிசைக்கே டீ. தூணை நாம் இரும்புக் கடைக்கு அனுப்பலாம். தூண் கற்றுக்கொடுத்த பழக்கத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

இதோ, தலைவர் இப்போது தீர்மானத்தை முன்மொழிந்து, ஆதரிப்பவர்களைக் கைதூக்கச் சொல்வார். நீங்கள் தூக்குவீர்களோ, மாட்டீர்களோ, அது உங்கள் மனசாட்சி. ஆனால் தூக்குகிற கைக்குச் சத்தம் கிடையாது. இந்த அவையில் எத்தனை கை எழுந்தது என்பது ஒருவருக்கு மட்டும் தெரியாது. நானோ மேடையில் மாட்டிக்கொண்டேன். என் இடம் இன்று அவருக்குப் பக்கத்தில் இல்லை.

விசிலக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. மேற்குப் பக்கத்துக்காரர் போலத் தெரிகிறது. இன்றைக்கு நீங்கள்தான் சொல்லி. கைகள் எழும்போது கொஞ்சம் சாய்ந்து அவர் காதில் சொல்லுங்கள். எந்தப் பக்கம் முதலில் எழுந்தது, யார் தயங்கினார், யார் இரண்டு கையையும் தூக்கினார், கோல்கீப்பர் அண்ணன் என்ன செய்தார், எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆர்வத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், இடையிடையே சிரித்து என்னைக் காப்பாற்றிய தாய்மார்களுக்கும், நின்ற கால் மாறாமல் நின்ற என் தோழர்களுக்கும், மணியை மறந்த தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன். அக்கா, மீதியை அந்த அம்மா சொல்லுவாங்க.